ரெஜினா டீச்சரின் கிட்டாருக்குள் இருந்தவர்

போன மாதம் வெள்ளவத்தையில் இருக்கும் ஓர் இசைக்கருவிக் கடையிலிருந்து எனக்கு டெலிபோன் வந்தது. கதைத்தது ஒரு பெண்பிள்ளை. அந்தக் கடையில் கிட்டார் திருத்தும் வேலை செய்கிறாளாம். "அங்கிள், ஒரு பழைய கிட்டார் வந்திருக்கு. பிக்கப் போட்டுத் தரச் சொல்லுறாங்க. உள்ளுக்கு எந்த இடத்தில ஒட்டினா நல்லது?" என்று கேட்டாள்.

"ஆர் வாசிக்கிறது?" என்றேன்.

"அது தெரியாது அங்கிள். கிட்டார் மட்டும்தான் வந்தது."

"அப்ப ஆளையும் வரச்சொல்லு பிள்ளை" என்று சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "பாவம் அந்தப் பிள்ளை! ஒரு கேள்வி கேட்டா ஒழுங்கா ஒரு பதில் சொல்ல ஏலாதா உங்களுக்கு? துறைமுகத்தில இருந்தே இந்த வாய்தான்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தக் காலத்துக் கிட்டார்களுக்குத் தொழிற்சாலையிலேயே பிக்கப் வைத்து, பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நாலு குமிழும் பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். எந்த இடத்தில் ஒட்டுவது என்று கேட்க ஒருத்தி மிஞ்சியிருக்கும்போது நான் இப்படித் துள்ளியிருக்கக் கூடாது. ஆகவே அந்தப் பதிலை ஒழுங்காக எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

நான் முதலில் கொழும்புத் துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்தவன். முப்பத்தெட்டு வயதில் மேற்பார்வையாளர் ஒருவரோடு வாய்த்தர்க்கம் வந்து, வேலையை விட்டேன். விட்டேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். பிறகு கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த பளீல் நானாவிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் மாளிகாவத்தை ஆள். என்னைவிட ஒன்பது வயது இளையவர். இருந்தாலும் கடை முதலாளி அவர், ஊரே அவரை நானா என்கிறது, நானும் நானா என்றேன். வயதில் மூத்தவன் என்பதால் அவர் என்னைத் தாஸ் அண்ணன் என்றார். ஆளுக்கு ஆள் அண்ணன் முறை வைத்துக்கொண்டு இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம்.

ரேடியோ திருத்தினோம். டெலிவிஷன் வந்தது, அதையும் திருத்தினோம். பிறகு கல்யாண வீடுகளில் பாட்டுக் கோஷ்டி வைக்கும் பழக்கம் கூடியது. மைக்கின் முன்னால் கிட்டாரைப் பிடித்தால் ஸ்பீக்கர் 'கீ' என்று கத்துகிறது, ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பளீல் நானா புறக்கோட்டைக்குப் போய், அலாரக் கடிகாரத்துக்குள் இருந்து சத்தமிடும் மெல்லிய பித்தளைத் தட்டுகளை ஒரு பை நிறைய வாங்கி வந்தார். சில்லறைக் காசு அளவு தட்டு, நடுவில் வெள்ளைப் பூச்சு. பலகையில் ஒட்டினால் பலகையின் நடுக்கத்தை மின்சாரமாக்கித் தரும். ஒரு வயரை அங்கிருந்து வெளியே கொண்டுவந்து அம்ப்ளிபயரில் குத்தினால் சரி. பிக்கப் என்றால் இவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

வித்தை எல்லாம் இடத்தில்தான். அந்தத் தட்டுக்குச் சங்கீதம் தெரியாது. ஒட்டிய இடத்தில் பலகை எப்படி நடுங்குகிறதோ அப்படியே கொண்டுபோய் ஸ்பீக்கரில் கொட்டும். கிட்டாரின் முகப்பலகையில் ஒரு விரல் அகலம் தள்ளினாலும் நடுக்கம் வேறு. கம்பிகளைப் பிடித்து வைத்திருக்கும் பிரிட்ஜுக்கு நேர் கீழே, உள்பக்கத்தில், உறுதிக்காக ஒரு பலகைத் துண்டு ஒட்டியிருப்பார்கள். அநேகமாக நல்ல இடம் அந்தத் துண்டில்தான் இருக்கும். தடித்த கம்பிகளின் பக்கம் அதிகம் போனால் பீப்பாயைத் தட்டின மாதிரி 'தொம் தொம்' என்னும். மெல்லிய கம்பிகளின் பக்கம் போனால் தகரம். உள்ளே குறுக்கே ஒட்டியிருக்கும் சட்டங்களின் மேல் ஒட்டினால் தலையணைக்குள்ளிருந்து கதைக்கும்.

கிட்டாருக்குள் கையை விடுவது என் வேலை. பளீல் நானாவின் கை நல்ல பருத்த கை. கிட்டாரின் வட்டத் துளைக்குள் மணிக்கட்டோடு நின்றுவிடும். ஒருமுறை உள்ளே விட்டுவிட்டு எடுக்க முடியாமல், சவர்க்கார நுரை பூசி எடுத்தோம். அன்றிலிருந்து உள் வேலை எனக்கு, காது வேலை அவருக்கு. நான் கம்பிகளைத் தளர்த்தி, கையை விட்டு, ஒரு சிறிய கண்ணாடியும் டோர்ச் பல்பும் வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து அவருக்குச் சொல்வேன். பிறகு சுவரில் படம் ஒட்டும் நீல நிறப் பசையை ஒரு கடுகளவு உருட்டி, தட்டைத் தற்காலிகமாக ஒட்டுவேன். கம்பிகளை மறுபடி முறுக்கி வாசிப்பேன்.

அவர் கேட்கும் முறை இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும்! தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார். எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நிற்பார். வாசிக்கிறவனின் முகத்தைப் பார்த்தால் காது ஏமாந்துவிடுமாம். வாசித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் திரும்ப மாட்டார். நன்றாக இருந்தால், "பசை போடுங்க" என்பார். நன்றாக இல்லை என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. "அண்ணன், ஒரு பிளேன்டீ குடிப்பமா?" என்பார். பிளேன்டீ என்றால் இடம் பிழை, கழற்று என்று அர்த்தம். ஒரு கிட்டாருக்கு நாங்கள் ஏழு பிளேன்டீ குடித்திருக்கிறோம். எனக்கு அன்று இரவு நித்திரையே இல்லை.

அவர் வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விகளும் எப்போதும் ஒன்றுதான். ஆர் வாசிக்கிறது, எங்கே, நின்றுகொண்டா இருந்துகொண்டா. எனக்கு ஆரம்பத்தில் இது தேவையில்லாத வேலையாகப் பட்டது. களனிப் பக்கத்திலிருந்து வந்த பைலாப் பாட்டுக்காரர் ஒருவருடைய கிட்டாருக்கு, நானா கடையில் இல்லாத நேரத்தில், ஒன்றும் கேட்காமல் பிக்கப்பை ஒட்டிக் கொடுத்தேன். நான் வாசித்துப் பார்த்தபோது தேன் மாதிரி இருந்தது. அந்த மனுஷன் வாசிக்கும்போது நாலு அடிக்கு ஒருமுறை உள்ளங்கையால் கிட்டாரின் வயிற்றில் ஓர் அடி அடிப்பாராம். சரியாக அந்த இடத்துக்குப் பின்னால்தான் என் பிக்கப். கல்யாண வீட்டில் முதல் அடி விழுந்ததும், பட்டாசு என்று நினைத்து மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அடுத்த நாள் பைலாக்காரர் கடைக்கு வந்து சிங்களத்தில் என்னைப் பாடிய பாட்டுக்கு எந்த மைக்கும் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்விகளை நானே முந்திக்கொண்டு கேட்கத் தொடங்கினேன்.

இனி ரெஜினா டீச்சருடைய கதைக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் எனக்கு மூச்சு முட்டின ஒரே வேலை அதுதான்.

ரெஜினா டீச்சர் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். நாங்கள் இருவரும் ஒரே கத்தோலிக்கக் கோவில். பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடமாகக் கிட்டார் வாசிப்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட கையோடு, சேலையில் சோக்குத் தூளோடு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பளீல் நானா கேள்விகளைக் கேட்டு முடிப்பதற்குள் அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துப் பாட டீச்சருக்கு இடம் கிடைத்திருந்தது. முதல் ஞாயிறு கிட்டாரின் முன்னால் மைக்கை வைத்திருக்கிறார்கள். வைத்ததும் ஸ்பீக்கர் வீரிட்டிருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்தியிருக்கிறார்கள். மைக்கைத் தள்ளி வைத்தால் கிட்டார் கேட்கவில்லை.

"மனேஜர் வந்து, 'நோனா, மேக ஹரியன்னே நே' எண்டுட்டார்" என்று டீச்சர் அந்த மனேஜர் மாதிரியே தலையை ஆட்டிக் காட்டினார். இது சரிவராது, அம்மா என்று சொல்லியிருக்கிறார். "வார ஞாயிறு ஒண்டு தாறன், அதிலயும் இப்பிடியெண்டா கீபோர்ட் வாசிக்கிற ஆளப் போடப் போறன் எண்டார். அந்தாளும் ரெடியா நிக்கிறார்."

"போனாப் போகுது டீச்சர், கோவில்ல வாசிக்கிறீங்கதானே" என்றேன் நான். ஆறுதல் சொல்வதாக எனக்கு நினைப்பு.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகிவிட்டேன். "கோவில்ல நான் வாசிக்கிறது உங்களுக்குக் கேட்டிருக்கா, தாஸ் அண்ணன்? உண்மையச் சொல்லுங்க."

நான் யோசித்தேன். ஓர்கன் கேட்டிருக்கிறது. நாற்பது பேர் பாடுவது கேட்டிருக்கிறது. டீச்சரின் கை அசைவதைக் கண்டிருக்கிறேன்.

"எனக்கே கேட்டதில்ல" என்றார் டீச்சர். "இருபத்திரண்டு வருஷமா ஓர்கனுக்குப் பின்னால நிண்டு வாசிக்கிறன். வீட்டில வாசிச்சா, சத்தத்தக் குறைம்மா, நியூஸ் கேக்கேலாம இருக்கு எண்டுறாங்க. ஒரு ஞாயித்துக்கிழமையாவது என்ட கிட்டார் நாலு பேருக்குக் கேக்க வேணும். எனக்கும் கேக்க வேணும். அந்த இடத்த ஒரு கீபோர்ட்டுக்கு விட்டுக் குடுக்க எனக்கு ஏலாது."

பளீல் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சனிக்கிழமைக்குள்ள முடிச்சித் தாறம் டீச்சர்" என்றார்.

புதன்கிழமை காலையில் கம்பிகளைத் தளர்த்தி, கண்ணாடியையும் பல்பையும் உள்ளே விட்டேன். விட்டவன் அப்படியே விறைத்துப் போனேன். பிரிட்ஜுக்கு நேர் கீழே, அந்தப் பலகைத் துண்டின் நட்ட நடுவில், நான் பிக்கப் ஒட்ட வேண்டிய அதே இடத்தில், அந்தோனியார் நின்றுகொண்டிருந்தார். ஒரு தீப்பெட்டி அளவில் முட்டை வடிவப் பதக்கம். கையில் குழந்தை இயேசுவோடு, என் பல்பு வெளிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? தையல் மெஷினுக்குள்ளே ஒரு மாதா, ஓட்டோவின் இருக்கைக்கு அடியில் ஒரு யூதாததேயு, மீன்காரனின் தராசுக்குப் பின்னால் ஒரு செபஸ்தியார். எதை வாங்கினாலும் முதலில் ஒரு அர்ச்சிஷ்டவரை உள்ளே குடியேற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. ஆனால் கிட்டாருக்குள் நான் கண்டதில்லை. அதுவும் இருக்கிற இடத்துக்குள் மிகச் சிறந்த இடத்தைப் பார்த்துப் பிடித்திருக்கிறார்!

இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். பதக்கத்தைப் பற்றிப் பளீல் நானாவுக்குச் சொல்லவில்லை. அவர் ஐந்து வேளையும் தொழுகிறவர். 'அண்ணன், அத களட்டுங்க, வேலையப் பாருங்க' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் சொன்னால் நான் கழற்ற வேண்டும். அந்தோனியாரைச் சுரண்டி எடுக்க என் கைக்குத் துணிவில்லை. அதைவிடச் சத்தம் போடாமல் பக்கத்தில் எங்காவது பிக்கப்பை ஒட்டிச் சமாளித்துவிடலாம் என்று பெரிய புத்திசாலி மாதிரி நினைத்தேன்.

"உள்ளுக்கு எப்படி?" என்று கேட்டார் நானா.

"ஒண்டுமில்ல. சாதாரணப் பலகைதான்" என்றேன்.

வியாழக்கிழமை முழுக்கப் பிளேன்டீ. பதக்கத்துக்கு இந்தப் பக்கம் ஒட்டினால் பீப்பாய், அந்தப் பக்கம் ஒட்டினால் தகரம். பின்னால் கொண்டுபோனேன், ஸ்பீக்கர் மாடு கத்துவது போல் கத்தியது. முன்னால் கொண்டுவந்தேன், சட்டத்தில் ஏறிக்கொண்டது. நாலாவது பிளேன்டீக்குப் பிறகு, "பலகை பழசு நானா, இது இவ்வளவுதான்" என்றேன்.

நானா தொப்பியைக் கழற்றி, மறுபடி சுவரைப் பார்த்து நின்றார். "ஒவ்வொரு கம்பியா, ஒவ்வொரு கட்டையா தட்டுங்க. அவசரமில்ல" என்றார். நான் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே இருக்கும் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தித் தட்டிக்கொண்டு போனேன். நாலாவது கம்பியில் ஐந்தாவது கட்டை. ஸ்பீக்கரில், சுரத்துக்கு அடியில், 'சிர்ர்' என்று ஒரு சின்ன நடுக்கம். போத்தலுக்குள் மாட்டின ஈ மாதிரி.

"இன்னொருக்கா."

சிர்ர்.

"உள்ளுக்கு எனத்தயோ ஈக்கிது அண்ணன்." உள்ளே ஏதோ இருக்கிறதாம்.

"ஒண்டுமில்லையே."

அவர் திரும்பினார். வேலை நடக்கும்போது பாதியில் திரும்பியது அன்றைக்குத்தான். மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துளைக்குள் விட்டு, பல்பைப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.  அவர் நிமிரும்வரை காத்திருக்க எனக்கு முடியவில்லை. எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

நானா கண்ணாடியை மெதுவாக வைத்தார். "பன்னெண்டு வருஷமா ஒரே மேசையில சோறு தின்னுறம். அத களட்டி வீசுங்க எண்டு நான் செல்லுவனெண்டா நெனச்சீங்க?" என்றார். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் அமைதியாகக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு சின்னப் புள்ளையில நெருப்புக் காய்ச்சல் வந்து, டொக்டரும் கைய விரிச்ச நேரம், எங்கட உம்மா பக்கத்து வீட்டு மேரி அக்காவோட ஒங்கட அந்தோனியார் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி வெச்சவ" என்றார். "வாப்பாக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. ஒங்களுக்கு செல்லிட்டன். போதுமா?"

"மன்னிச்சுக்கொள்ளுங்க நானா."

"மன்னிப்பு கிடக்கட்டும். டீச்சருக்கு டெலிபோன் கோல் எடுங்க. வீட்டுக்காரிட்ட கேக்காம வீட்டுல இருக்கிறவர அசைக்கேலா."

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நானா கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்தார். நான் பதக்கத்தைப் பற்றிச் சொன்னதும், "ஐயோ, நான் சொல்ல மறந்துட்டன்!" என்று தலையில் கைவைத்தார். அந்தக் கிட்டாரை வாங்கின புதிதில் பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கிவிட்டாராம். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோனியார்தானே. டீச்சர் நேர்த்தி வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் பஸ் டிப்போவில் கிட்டார் அப்படியே இருந்திருக்கிறது. இனிமேலும் தொலையக் கூடாது என்று பதக்கத்தை வாங்கி, கோவில் சுவாமியாரிடம் கொடுத்து மந்திரித்து, தன் கையாலேயே உள்ளே ஒட்டியிருக்கிறார்.

"நடுவிலதான் ஒட்ட வேணுமெண்டு நடுவில ஒட்டினனான்" என்றார் பெருமையாக. "அவர எடுக்க விடமாட்டன். எடுத்தா கிட்டார் துலையும்."

"எடுக்கல்ல டீச்சர்" என்றார் பளீல் நானா. "ஆனா ஒண்டு செல்லுறன், கேளுங்க. பிக்கப் ஒட்ட அத விட நல்ல இடம் அந்தக் கிட்டாருக்குள்ள இல்ல. பதக்கத்திட ஒரு ஓரம் பசை விட்டு எழும்பி ஈக்கிது. அதுதான் சிர்ருங்குது. அந்த ஓரத்த திரும்ப ஒட்டினா அவரும் பலகையும் ஒண்டாகிடுவாங்க. பலகை நடுங்குற மாதிரியே அவரும் நடுங்குவார். பொறகு பிக்கப்ப…" கொஞ்சம் தயங்கினார். "அவருக்கு மேலயே ஒட்டலாம்."

டீச்சரின் முகம் மாறிவிட்டது. "அர்ச்சிஷ்டவருக்கு மேலயா?"

"முகத்த மறைக்க மாட்டம். கீழ, காலடியில. பிக்கப்ப விட பதக்கம் பெரிசு. இடம் காணும்."

 நான் எங்கள் சுவாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரட்டுமா என்றேன். டீச்சர் கையால் வேண்டாம் என்றார். கண்ணாடியைத் தன் கையில் வாங்கி, துளைக்குள் பிடித்து, கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.  இவர் வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. கீபோர்ட்காரருக்கு யோகம்.

கடைசியில் டீச்சர் கண்ணாடியை வெளியே எடுத்தார். "ஒரு பிள்ளையக் கையில தூக்கிக்கொண்டு இவ்வளவு காலமா நிக்கிறார்" என்றார். "காலடியில இன்னொரு சின்னச் சாமான் கிடந்தா அவருக்கு என்ன வந்துது? ஒட்டுங்க. ஆனா முகத்தில ஒரு சொட்டுப் பசை படக் கூடாது. பட்டா உங்க ரெண்டு பேரையும் நான் சும்மா விடமாட்டன்."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறொன்றில்லை. இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசையைக் கலந்து, ஒரு தீக்குச்சி நுனியால் எழும்பியிருந்த ஓரத்துக்கு அடியில் ஊட்டினேன். அந்தோனியாரின் காலடியில், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று இங்கிலீஷில் புடைத்திருந்த எழுத்துகள், மேடும் பள்ளமுமாக இருந்தன. தட்டு சமமாக உட்காரப் பள்ளங்களை அதே பசையால் நிரப்பினேன். எல்லாம் துளைக்குள் கையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்தபடி. கை ஒரு நூல் நடுங்கினால் அர்ச்சிஷ்டவரின் மூக்கு போய்விடும். டீச்சர் பக்கத்தில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் பளீல் நானா பல்பைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா அண்ணன், மெதுவா" என்று வியர்த்துக்கொண்டிருந்தார். தட்டு உட்கார்ந்ததும் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம்.

சனிக்கிழமை பசை இறுகிய பிறகு கம்பிகளைப் பூட்டினோம். டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு, வர முடியவில்லை. நான்தான் வாசித்தேன். சிர்ரைக் காணவில்லை. பீப்பாயும் இல்லை, தகரமும் இல்லை. வெறும் பலகையில் ஒட்டினால் அந்தப் பித்தளைத் தட்டு எப்போதும் கொஞ்சம் கீச்சிடும். பதக்கத்தின் பாரத்தால் அந்தக் கீச்சு அடங்கி, சத்தம் உருண்டு திரண்டு வந்தது. நானா கனநேரம் திரும்பவில்லை. திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மத்தியானம் நானாவும் நானும் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினோம். அந்த ஹோட்டலில் கடல் பக்க ஜன்னலோரமாக ஒரு மூலையில் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். மனேஜர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே காவல் நின்றார். இரண்டு மேசை தள்ளி, கீபோர்ட் பெட்டியை முழங்காலோடு சாய்த்து வைத்துக்கொண்டு, ஒருவர் சோறும் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் நீலச் சேலை. முகத்தில் இரத்தமே இல்லை. வயரைக் கிட்டாரில் குத்தினார். மனேஜர் அரை அடி பின்னால் போனார்.

டீச்சர் ஒரே ஒரு முறை எல்லாக் கம்பிகளையும் சேர்த்து மீட்டினார். மீட்டிவிட்டு நிறுத்திவிட்டார்.

அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கப் போய், ஜன்னல் வரைக்கும் போய், அடங்கியது. வீரிடவில்லை. டீச்சர் ஸ்பீக்கரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், வாசிக்காமலே நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிவிட்டார்கள். கீபோர்ட்காரர் பிசைவதை நிறுத்திவிட்டார்.  "நானா, ஏன் நிக்கிறா? பிழைச்சுப் போச்சா?" என்று காதுக்குள் கேட்டேன். "சும்மா இரிங்க. கேக்கிறா" என்றார் நானா.

பிறகு டீச்சர் பாடத் தொடங்கினார். தமிழில் இரண்டு, சிங்களத்தில் இரண்டு, இங்கிலீஷில் ஒன்று, மறுபடி தமிழில் ஒன்று. நான் இருபத்திரண்டு வருடம் ஒரே கோவிலில் அவருக்கு முன்னால் முழந்தாளில் நின்றவன். இந்த மனுஷி இப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது. நாலாவது பாட்டில் ஒரு மேசையில் கை தட்டத் தொடங்கினார்கள். மனேஜர் எப்போதோ ஸ்பீக்கரை விட்டுவிட்டு, போகிற வருகிற ஆட்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் டீச்சரிடம் வந்து, அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கே வந்துவிடச் சொன்னதை நானே என் காதால் கேட்டேன். கீபோர்ட்காரர் கை கழுவிவிட்டு வந்து டீச்சருக்குக் கை கொடுத்தார். நல்ல மனுஷன்.

டீச்சர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் மேசைக்கு வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் கதிரையில் தொப்பென்று இருந்து, எங்கள் பக்கம் சாய்ந்து, இரகசியம் கேட்பது போலக் கேட்டார்.

"மூண்டாவது பாட்டில ரெண்டு இடத்தில பிழை விட்டனான். கேட்டுதா?"

"சீ, எங்க டீச்சர்! ஒண்டும் கேக்கல்ல. அருமையா இருந்துது" என்றேன் நான்.

டீச்சரின் முகம் வாடிப் போய்விட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்து நான் சொன்ன பொய், அவரைக் கொண்டுபோய் மறுபடியும் ஓர்கனுக்குப் பின்னால் நிறுத்திவிட்டது என்று அந்த முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் மெதுவாகப் பளீல் நானாவின் பக்கம் திரும்பினார்.

ஒருத்தரிடமும் நன்றாக இல்லை என்று வாய் திறந்து சொல்லாத அந்த மனுஷன், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கேட்டிச்சி டீச்சர்" என்றார். "ரெண்டில்ல. மூணு எடத்துல."

"மூண்டா!" என்று டீச்சர் கத்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் வழிய, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மூண்டு இடத்திலயும் கேட்டுதா?"